நாய் விடுதி தொடங்கப்போகிற மைத்துனனுக்கு

நோர்டால், மின்னசோட்டா
அக்டோபர் 2

அரிசோனா வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அன்பு மைத்துனன் லோவெலுக்கு,

ஓர்லின் நெஸ் எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா மார்லிஸும், கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கும் ஆறு நாய்களும், தவறுதலாக வந்து சேர்ந்த ஒரு பூனையும் நலம். அங்கே நீ நலமாயிருப்பாய் என்றும், உன் மனைவி டெல்லாவின் முழங்கால் வைத்தியர் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கிறது என்றும் நம்புகிறோம். இங்கே நேற்று முதல் உறைபனி விழுந்தது. மோசமில்லை. உன் அக்காவின் தக்காளிச் செடிகள் மொத்தமும் கருகிவிட்டன. அதையும் மோசமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. கொல்லையோடு சேர்ந்த பெரிய வீடு வாங்கிவிட்டாய் என்பதும், அங்கே நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி தொடங்கப்போகிறாய் என்பதும், நீ எங்களிடம் விட்டுப்போன நாய் லெஃப்சாவின் முகத்தைப் பெயர்ப்பலகையில் பெரிதாக வரையப்போகிறாய் என்பதும், அதற்காக வரும் பதினான்காம் தேதி வண்டியெடுத்து வந்து அதை அழைத்துப்போகப் போகிறாய் என்பதும் தெரிந்து மகிழ்ந்தோம். மகிழ்ந்த பிறகு உன் அக்கா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தலைவலி என்றாள். கடிதத்தின் கடைசியில், "அத்தான், நீங்க மூணு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க, ஆரம்பத்துல என்னென்ன தப்புப் பண்ணீங்கன்னு எழுதுங்க, அதையெல்லாம் நான் தவிர்த்துடுறேன்" என்று கேட்டிருக்கிறாய். அறுபத்தெட்டு வயதில் என்னிடம் யாரும் அறிவுரை கேட்டதில்லை. நீயும் கேட்கவில்லை, நேராகத் தப்புகளையே கேட்டுவிட்டாய். அது என்னிடம் நிறைய இருக்கிறது.

முதலில் லெஃப்சா விஷயத்தை முடித்துவிடுகிறேன். அதை அனுப்பிவைப்பதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. நாய் உன்னுடையது. அதன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு முன்வாசலில் வைத்துவிட்டேன். சிவப்புக் கம்பளி ஒன்று, சாப்பாட்டுத் தட்டு ஒன்று, சீப்பு ஒன்று, நான் பனி தள்ளும் லாரி ஓட்டிய காலத்துத் தோல் கையுறை ஒன்று. இடது கைக்கு உரியது மட்டும். அதைக் கவ்விக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும், ஆகையால் வழியில் தொலைத்துவிடாதே. பதினான்காம் தேதி மதியம் வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இனித் தப்புகள். என் முதல் தப்பு, இந்தத் தொழிலை நான் தொடங்கவே இல்லை என்பது. தொடங்காத தொழிலை நிறுத்தவும் முடியாது என்று பிறகுதான் புரிந்தது. நீ மூன்று வருஷம் முன்பு ஏப்ரல் மாதம், ஃபீனிக்ஸில் வாடகைக்குப் பிடித்த அடுக்குமாடியில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று சொல்லி, "ரெண்டே வாரம் அத்தான்" என்று லெஃப்சாவை இறக்கிவிட்டுப் போனாய். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. நம்மூர் லெஃப்சா ரொட்டி கல்லிலிருந்து எடுத்ததுபோல வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகளோடு கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய், அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நடந்தேன். முப்பத்தோரு வருஷமாக இந்த ஊர் என்னை லாரிக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறது. எனக்குக் கால்கள் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. தேவாலயப் பாடல் குழுவில் உன் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆர்டிஸ் பாக்கே எதிரே வந்தாள். "உங்களுக்கு நாய்ன்னா பிடிக்கும் போலிருக்கே ஓர்லின்?" என்றாள். "பரவாயில்ல" என்றேன். நம்மூரில் ஒருத்தன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் உயிரையே வைத்திருக்கிறான் என்று அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே அவள் தன் டச்சஸை, எட்டு ராத்தல் எடையும் பதினான்கு பக்கக் குறிப்பும் உள்ள நாய்க்குட்டியை, என் சமையலறையில் விட்டுவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த வாரம் பாதிரியார் தன் இரட்டை பீகிள் நாய்களைக் கொண்டுவந்தார். பாதிரியாரிடம் எப்படி மாட்டேன் என்பது? அதற்கப்புறம் மாட்டேன் என்று சொல்லிப் பழகும் சந்தர்ப்பமே எனக்கு வாய்க்கவில்லை.

ஆகவே ஒன்று எழுதிக்கொள். யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளாதே. நாய் விடுதி என்றால் நாய் மட்டும். இங்கே இருக்கும் பூனை, "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கங்க" என்று கொடுக்கப்பட்டது.

அடுத்தது, என்ன கட்டணம் வாங்குவாய் என்பதை முதல் நாளே பலகையில் எழுதி மாட்டு. நானும் மாட்டினேன். உன் அக்கா நல்ல கையெழுத்தில் "உங்களுக்குத் தோன்றுவதைக் கொடுங்கள்" என்று எழுதித் தந்தாள். எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றியது. கொத்துக்கறியைக் காளான் சூப்பில் போட்டு மேலே உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைக்கிற நம்ம ஹாட்டிஷ். வாரக்கடைசி தங்கினால் ஒரு பாத்திரம், ஒரு வாரம் தங்கினால் இரண்டு. முதல் வருஷம் பிப்ரவரியில் எங்கள் குளிர்பெட்டியில் நாற்பத்தொரு பாத்திரம் இருந்தது. அடியில் ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருப்பார்கள், கழுவி அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்பதால் உன் அக்கா ஒவ்வொன்றிலும் ஏதாவது செய்து போட்டு அனுப்பினாள். நாய் பார்த்ததைவிடப் பாத்திரம் சுமந்ததுதான் அந்த வருஷத் தொழில்.

தெரியாத வேலையில் கையை வைக்காதே என்பதையும் எழுதிக்கொள். டச்சஸின் முடியில் ஒட்டுமுள் ஏறிவிட்டது. சீப்பால் வராது என்று பட்டதால் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு பக்கம் வெட்டியதும் மறுபக்கம் அதிகமாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்ததும் முதல் பக்கம் அதிகமாகத் தெரிந்தது. இப்படியே நானும் அதுவும் மத்தியானம் வரை போனோம். ஆர்டிஸ் வந்து பார்த்தாள். பிறகு சிரித்த முகமாக, "அட, வித்தியாசமா இருக்கே!" என்றாள். நம்ம ஆட்கள் கோபத்தின் உச்சியில் சொல்லுகிற வார்த்தை அல்லவா அது! ஆறு வாரம் அவள் பாடல் குழுவில் உன் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்காமல் ஆண்கள் வரிசையில் போய் நின்று பாடினாள். அப்புறமும் நாயை மட்டும் என்னிடமே கொண்டுவந்து விட்டாள், ஏனென்றால் வேறு யாரிடமாவது விட்டால் எனக்கு மனசு கஷ்டமாயிருக்குமாம்.

தடுப்பூசிச் சீட்டு கேட்காமல் நாயை உள்ளே விட்டது அடுத்தது. கேட்டால் அவர்களைச் சந்தேகப்படுவதுபோல ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு நாய் இருமியது. வியாழக்கிழமைக்குள் எல்லா நாய்களும் இருமின. பாதிரியாரின் பீகிள்கள் மாறி மாறி இருமின. அப்போதுதான் ஊருக்குப் புதிதாக வந்திருந்த கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெயர் ரெனாட்டா பெல்லெக்ரீனோ, நியூஜெர்சிக்காரர். மனதில் படுவதை அப்படியே வாயால் சொல்லிவிடுவார். ஊரில் எல்லோரும் அவர் உடம்புக்கு ஏதாவது கோளாறோ என்று கவலைப்பட்டார்கள்.

அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "மிஸ்டர் நெஸ், நீங்க நடத்துறது தொழில் இல்ல, சத்திரம்" என்றார். "சீட்டு வாங்கல. காசு சொல்லல. காப்பீடு இருக்கா? அதுவும் இல்ல. நாளைக்கு ஒரு நாய் யாரையாவது கடிச்சா என்ன செய்வீங்க?"

"மன்னிப்புக் கேப்போம்" என்றேன்.

"யாரு, நாயா?"

அவர் வாசலைக் காட்டினார். "கதவத் திறந்தா நேரா ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. இந்தத் தொழில்ல ரெண்டு கதவு வேணும். ஒண்ணு சாத்துன அப்புறம்தான் இன்னொண்ணு திறக்கணும். எங்கிட்ட ஒரு கம்பிவலைக் கதவு சும்மா கெடக்கு. வேணுமா?"

இங்கேதான் மச்சான், என் தொழிலின் பெரிய தப்பு நடந்தது. நான் என்ன சொல்ல முடியும்? "அய்யய்யோ, வேண்டாம் வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். முறைப்படிதான் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும், மார்லிஸைப் பார்க்க நான் முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மா காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். சிரமம் எதற்கு என்றேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான், சரி, போட்டிருந்தால் அரைக் கோப்பை கொடுங்கள் என்று சொல்லி நான்கு கோப்பை குடித்தேன். அதைப் பார்த்துத்தான் உன் அப்பா, பையன் ஒழுங்காக வளர்ந்திருக்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னாராம். நம்மூரில் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் இரண்டு தடவை கேட்பது மரியாதைக்கு, மூன்றாவதுதான் நிஜம். இதை நான் மருத்துவரிடம் எதிர்பார்த்து, முகத்தை அடுத்த கேள்விக்குத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவரோ "சரி" என்று சொல்லி வண்டியில் ஏறிப் போய்விட்டார். கதவு வேண்டாம் என்றால் வேண்டாமாம்! ஜன்னல் வழியாக அந்த வண்டி திரும்பி வருகிறதா என்று சாயங்காலம் வரை பார்த்தேன்.

அப்படியாக ஒற்றைக் கதவோடே இன்னொரு குளிர்காலமும் தப்பித்தேன். மூன்றாவது குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டேன். போன ஜனவரி, ஒரு சனிக்கிழமை காலை. சைபருக்குக் கீழே எட்டு. ஆர்டிஸ் டச்சஸை விட வந்தாள். விட்டாள், காபி குடித்தாள், தொடையில் இரண்டு கையாலும் தட்டி "சரி, அப்போ..." என்றாள். நம்மூரில் ஒருவர் விடைபெறுவது ஒரு வேலை, தெரியும்தானே. நாற்காலியில் கால்மணி நேரம், எழுந்து நின்று கால்மணி நேரம், மேலங்கி மாட்டிக்கொண்டு கொஞ்சம், பிறகு கதவுக்கு வந்து பிடியைத் திருகித் திறந்து வைத்துக்கொண்டுதான் உண்மையான பேச்சே தொடங்கும். ஆர்டிஸ் கதவைத் திறந்து பிடித்தபடி அவள் தங்கையின் பித்தப்பை ஆபரேஷனை ஆரம்பித்தாள். வயிற்றைத் திறக்கும் கட்டத்தில் ஒரு பீகிள் அவள் காலுக்கிடையில் புகுந்து வெளியே போயிற்று. நான் பார்த்தேன். கல்லை எடுத்துக் கிண்ணத்தில் போடும்போது இன்னொரு பீகிள். அதையும் பார்த்தேன். ஆனால் மனுஷி ஆபரேஷன் மேஜையில் தங்கையைப் படுக்க வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து நாய் போகிறது என்று எப்படிச் சொல்வது? அந்த வாரம் தங்கியிருந்த கறுப்பு லாப்ரடார் நாய் போயிற்று. அவளுடைய டச்சஸே போயிற்று. கடைசியாக லெஃப்சா எழுந்து, என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தேடி அழைத்துவரப் போகிற மாதிரி நிதானமாகப் போயிற்று. தையல் பிரிக்கும் வரை நான் காத்திருந்தேன். பிறகுதான், "ஆர்டிஸ், நாய்ங்க வெளிய போயிருச்சு போல" என்றேன்.

"ஆமா, நானும் பாத்தேன்" என்றாள். "நீங்க ஒண்ணும் சொல்லலியா, சரி, நீங்கதான் அனுப்புறீங்களாக்கும்னு இருந்துட்டேன்."

ஏரி உறைந்து கிடந்தது. அதன் மேல் வழக்கம்போல மீன்பிடிக் குடில்கள். வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடினேன். ஓடினேன் என்றால் என் உடம்புக்கு எவ்வளவோ அவ்வளவு. முதல் குடிலைத் தட்டினேன். உள்ளே நம்மூர் கெர்மிட் போயே, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் டச்சஸ். நான் அதைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை அவர் பார்க்கிறார். அதற்காக எடுத்த எடுப்பில் நாயைக் கொடு என்று கேட்க முடியுமா?

"வாங்க ஓர்லின். காபி?"

"வேண்டாம், வேலையா வந்தேன்."

"சூடா இருக்கு. குடிக்கலாம்ல?"

"சிரமம் எதுக்கு?"

"ஒரு வாய்தான்."

"சரி, ஊத்தியிருந்தா குடுங்க."

குடித்தேன். மீன் ஏதாவது கடிக்கிறதா என்று கேட்டேன். ஒன்றிரண்டு என்றார். போன வருஷத்துக்கு இந்த வருஷம் எப்படி என்று கேட்டேன். சொன்னார். போதுமான நேரம் ஆனதும், "நாய் ஒண்ணு வந்திருக்கு போல?" என்றேன்.

"ஆமா, வந்து அரைமணி ஆச்சு. உங்களுதான்னு தெரியும். போன் பண்ணலாம்னுதான் பாத்தேன். நீங்க நாயத் தேடிட்டு அலைஞ்சிட்டிருப்பீங்க, அந்த நேரத்துல எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

இப்படியே அடுத்த குடில், அதற்கடுத்த குடில். ஒவ்வொன்றிலும் ஒரு நாய், மூன்று தடவை காபி, மீன் விசாரணை, அப்புறம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விடைபெறல், அதில் ஏற்கெனவே பிடித்த நாய் மறுபடி வெளியே போகும். நான்கு நாய்களைச் சேர்க்க ஐந்து மணி நேரம் ஆயிற்று. கடைசிக் குடில்காரர் சொன்னார்: "பெரிய வெள்ளை நாய் ஒண்ணும் வந்துச்சு. ஒரு மீனு குடுத்தேன், மரியாதையா வாங்கிக்கிச்சு. ஓடை வந்து விழுற பக்கமா போச்சு. அங்க பனிக்கட்டி மெலிசுன்னு சொல்லலாம்னு நெனச்சேன், ஆனா நாய்கிட்ட எப்படிச் சொல்றது?"

லோவெல், முப்பத்தோரு வருஷம் நான் பனியில் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஓடை வாயில் பனிக்கட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாய்களை அந்த மனிதரிடமே விட்டுவிட்டுப் போனேன், காபியைக் குடிக்கவில்லை, அவர் கேட்டபோது வேண்டாம் என்று ஒரே தடவை சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதை அவர் இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தடம் இருந்தது. பெரிய பெரிய கால் தடம், நேராக ஓடை வாயின் உறையாத கறுத்த நீரைப் பார்த்துப் போயிற்று. எனக்குக் கீழே பனிக்கட்டி முனகியது. வயிறு பனியில் பதியப் படுத்துக்கொண்டு தவழ்ந்தேன். என் வயசுக்காரன், என் எடைக்காரன், ஏரி நடுவில் குப்புறப் படுத்து "லெஃப்சா, லெஃப்சாக் கண்ணு, வாம்மா, எங்கம்மா இருக்கே" என்று கத்தினால் கரைவரை கேட்கும். கேட்டதாம். தண்ணீர் ஓரத்துக்குப் பத்தடி இருக்கையில் தடம் வளைந்து கரைப்பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்தேன். எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தடத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தால், என் வண்டியில், திறந்துபோட்ட கதவு வழியாக ஏறி, ஓட்டுகிற இருக்கையில் அது உட்கார்ந்திருந்தது. வாயில், வண்டியில் கிடந்த என் இடது கையுறை. நான் வருவேன் என்று எத்தனை மணி நேரமாகக் காத்திருந்ததோ! அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டில் உன் அக்காவிடம் காற்று கண்ணில் அடித்துவிட்டது என்று சொன்னேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

திங்கட்கிழமை மருத்துவர் வண்டி வந்தது. அவர் இறங்கி, கம்பிவலைக் கதவை இறக்கி, சுத்தியலை எடுத்தார். "வேணுமான்னு இனிமே உங்களக் கேக்க மாட்டேன்" என்றார். அவரே மாட்டிவிட்டுப் போனார். அதோடு தடுப்பூசிச் சீட்டு, காப்பீடு, விலைப்பலகை, எத்தனை மணிக்குள் நாயைத் திருப்பி அழைத்துப்போக வேண்டும் என்கிற தாள் எல்லாவற்றையும் அவரே எழுதிச் சுவரில் ஒட்டினார். அதற்கப்புறம் ஒரு நாயும் வெளியே போகவில்லை. அவர் ஒட்டியதை அப்படியே பார்த்தெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், நீ பயன்படுத்திக்கொள்ளலாம்.

தப்புகளில் இன்னும் ஒன்று பாக்கி. அது தொழிலைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் நீ எல்லாவற்றையும் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். போன கிறிஸ்மஸுக்கு நீ போன் செய்தபோது, "அத்தான், லெஃப்சாவ நீங்களே வச்சுக்குறீங்களா?" என்று கேட்டாய். நான், "அதெப்படி, உன் நாயாச்சே" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஏரிச் சம்பவத்துக்கப்புறம் ஈஸ்டருக்குப் போன் செய்தபோது மறுபடி கேட்டாய். "சேச்சே, அதெல்லாம் முறையில்ல" என்றேன். அதுவும் சரிதான். அப்போது உன் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனை வைத்ததும், "ஏங்க, நான் என் தம்பிகிட்டச் சொல்லிடவா?" என்றாள். "கூடாது, அடுத்த தடவை அவனே கேப்பான்" என்றேன். அதிலிருந்து ஆறு மாதம். ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, போன் மணி அடித்தபோது நானும் மார்லிஸும் ஒரே நேரத்தில் எழுந்தோம். நீ பட்டாசைப் பற்றிப் பேசினாய். அப்புறம் செப்டம்பரில் உன் இந்தக் கடிதம் வந்தது. அரிசோனாவில் மூன்று வருஷம் இருந்தால் ஒரு மனுஷனுக்கு இதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே வெயில் அதிகம்.

மொத்தத்தில், மச்சான், என் அனுபவத்தில் சொல்கிறேன், இந்தத் தொழில் வேண்டாம். முதுகு போகும், பாத்திரம் சேரும், ஏரி இல்லாத ஊரிலும் நாய் ஓடத்தான் செய்யும். வீட்டையும் கொல்லையையும் வைத்துக்கொண்டு எலுமிச்சை போடு. எலுமிச்சை வேலி தாண்டாது. லெஃப்சாவை மட்டும் சொன்னபடி பதினான்காம் தேதி வந்து அழைத்துக்கொண்டு போ. எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. பழகிவிடும்.

டெல்லாவுக்கும் அவள் முழங்காலுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், அளவான வெயிலில், நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று கொட்டகைவாசிகள் அனைவர் சார்பிலும் வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா கணவன்
ஓர்லின் நெஸ்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "இத்தனை பக்கம் எழுதுனீங்க, எழுத வேண்டியத மட்டும் எழுதலியே!" என்றாள். அவள் நிற்கும்போதே இதை எழுதுகிறேன். எலுமிச்சை வேண்டாம். நாய் விடுதியே தொடங்கு. இந்த மூன்று வருஷம்போல நான் எந்த வருஷமும் சந்தோஷமாக இருந்ததில்லை, அதை லாரி ஓட்டின காலத்து நண்பர்களிடம் சொல்லாதே. முன்வாசலில் இருந்த பெட்டியிலிருந்து கம்பளியை லெஃப்சா வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் படுத்திருக்கிறாள், கையுறையும் அவளிடம்தான் இருக்கிறது, நான் திரும்ப எடுத்து வைக்கவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து போன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருப்பேன், வேறு யாரையும் எடுக்க விடமாட்டேன். ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டிருக்கே மச்சான். இன்னும் ஒரே ஒரு தடவை கேளு.